கிழிக்காத ஞாயிற்றுக்கிழமை

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போகும் சந்தில் என் கடைக்குப் பக்கத்துக் கடை அவருடையது. மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உள்ளே கருகிக் கிடக்கும் செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவார். தருவார் என்றால் அன்றைக்கே தந்துவிடுவார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் எதையும் அன்றைக்கே செய்து நான் பார்த்ததில்லை.

அவர் கடைப் பலகையைப் பார்த்தாலே ஆள் யாரென்று விளங்கிவிடும். பலகையில் போன் நம்பர் எழுத வந்த பெயின்டர் எட்டு எண் எழுதியதும் வெயில் ஏறிவிட்டது என்று பிரஷ்ஷைக் கீழே வைத்திருக்கிறார். மீதி ரெண்டை நாளைக்கு எழுதிக்கலாம் என்று சொன்னவர் இவர்தான். நான் அந்தச் சந்துக்குக் கடை போட வந்தபோது பெயின்டர் போய்ப் பத்து வருடம் ஆகியிருந்தது. பலகையில் எட்டு எண்தான் இருந்தது. அவரிடம் வேலை ஆக வேண்டியவர்கள் நேரில்தான் வர வேண்டும்.

பெயரைச் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். சொன்னால் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. கோபத்தைக்கூட நாளைக்கு வைத்துக்கொள்வார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். ஒருவருக்கு அண்ணனாகவும் மாமனாகவும் ஒரே ஆள் எப்படி இருக்க முடியும் என்று எங்கள் சந்தில் யாரும் கேட்டதில்லை.

நான் வேறு மாதிரி. துணிப்பை தைத்துக் கொடுக்கும் தொழில். மூன்று மெஷின், இரண்டு பெண்கள், கூடமாட நான். பஸ் நிற்பதற்கு முன்பே இறங்குகிற ரகம். அப்படி இறங்கி இரண்டு தடவை விழுந்தும் இருக்கிறேன். என் கடைப் பலகையில் போன் நம்பர் பத்து எண்ணும் ஒரு முழ உயரத்துக்கு இருக்கும், பாலத்தில் போகிற பஸ்ஸில் இருந்தே படிக்கலாம். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் காட்டிக் கொடுத்தது.

அவர் கடையில் சுவரோடு ஒரு தினசரி காலண்டர் தொங்கும். அரிசிக் கடையில் ஓசியாகக் கொடுத்தது. யாராவது மோட்டாரோடு வந்து நின்றால் எழுந்துபோய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்பார். ராகு காலம் இருந்தால் மோட்டாரைத் தொட மாட்டார். ராகு காலம் இல்லையென்றால் எமகண்டம். அதுவும் இல்லையென்றால் குளிகை. குளிகையில் தொடங்கிய காரியம் திரும்பத் திரும்ப நடக்குமாம், அந்த நேரத்தில் மோட்டாரைப் பிரித்தால் அது திரும்பத் திரும்ப எரியுமாம். இது போக அஷ்டமி, நவமி, கரிநாள். ஒருநாள் வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் போக ஒரு நாளைக்கு அவருக்கு மிஞ்சியது இரண்டரை மணி நேரம். அதற்குள்தான் இரண்டு டீ, ஒரு சாப்பாடு, ஒரு தூக்கம்.

ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறப்பார். வீட்டில் பேரப்பிள்ளைகள் தூங்க விட மாட்டார்கள் என்பதுதான் காரணம்.

இவ்வளவுக்கும் அவரைத் தேடி ஆள் வந்துகொண்டே இருக்கும். சமயநல்லூரில் இருந்து ஒரு விவசாயி கிணற்று மோட்டாரைக் கொண்டுவந்து போட்டுவிட்டு ஒன்பது நாள் அலைந்தார். பத்தாம் நாள் காலையிலேயே வந்து மோட்டார் மேலேயே உட்கார்ந்துகொண்டார், நாற்று காயுது, வாங்காமல் எந்திரிக்க மாட்டேன் என்று. அன்றைக்குச் சாயங்காலம் கிடைத்தது. அடுத்த வருடம் அதே மனிதர் தன் மச்சானின் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அவரிடமே வந்தார். ஏன் திரும்பவும் இங்கேயே வந்தீர்கள் என்று கேட்டேன். இந்த ஆள் கட்டினால் எரியாதுங்க, ஆனா கட்ட மாட்டேங்கறாருங்க என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவருடைய போன் நம்பர் பலகையில் இல்லாவிட்டாலும் எங்கிருந்தோ சிலருக்குக் கிடைத்துவிட்டது. போனைக் காதில் பிடித்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலைதான் என்பதால் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிடுவார். சந்து முழுக்கக் கேட்கும். அப்படித்தான் அந்தப் பெண்ணின் கதை எங்கள் எல்லோருக்கும் தெரிய வந்தது.

ஒருநாள் காலையில் ஒரு பெண் கூப்பிட்டு, உங்களுக்குப் பத்து லட்சம் தொழில் கடன் அப்ரூவ் ஆகிவிட்டது என்றாள். நான் கேக்கவே இல்லையேம்மா என்றார் இவர். கேட்காமலே தருகிறோம், ஒரு சின்னக் கட்டணம் மட்டும் இன்றைக்கே கட்ட வேண்டும், நாளைக்குத் திட்டம் முடிகிறது என்றாள். சரிம்மா, நாளைக்குப் பாத்துக்குவோம் என்று வைத்துவிட்டார்.

மறுநாள் திட்டம் முடியவில்லை. அவளே கூப்பிட்டாள். அன்றைக்கு ராகு காலம். அதற்கு மறுநாள் அஷ்டமி. அதற்கும் மறுநாள் நவமி. பத்து நாள் போனது. தினமும் பத்தே முக்காலுக்கு அந்தப் பெண்ணின் குரல் வரும். என்னிடம் தைக்கிற இரண்டு பெண்களும் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அந்தப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை. எங்கேயோ ஒரு காலண்டரை வாங்கி மாட்டிக்கொண்டுவிட்டாள். ஒருநாள் வழக்கத்துக்கு முன்னாலேயே கூப்பிட்டு, சார் இன்னிக்கு வளர்பிறை, முகூர்த்த நாள், ஒன்பதே காலில் இருந்து பத்தே கால் வரைக்கும் நல்ல நேரம், இப்போ மணி ஒன்பதரை என்று மூச்சு விடாமல் சொன்னாள். இனி இந்த மனுஷன் என்ன சொல்லப்போகிறார் என்று நான் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

"நல்ல நாள்தாம்மா, யாரு இல்லங்கறா. ஆனா எனக்குச் சந்திராஷ்டமம்" என்றார்.

அவள் அதற்கும் அசரவில்லை. உங்கள் நட்சத்திரம் என்ன சார் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். பதினைந்தாம் நாளோ என்னவோ, இவருக்கே ஒரு சந்தேகம் வந்து உங்கள் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டார். எல்லாமே ஆன்லைன் சார், அதெல்லாம் தேவையில்லை என்றாள் அவள்.

"பசுமலையோ, பம்பாயோ, எங்கயாச்சும் ஏறிப் போக ஒரு படிக்கட்டு இருக்கும்ல தாயி? நான் வாரேன்னு சொல்லல. வரவும் மாட்டேன். ஆனா படிக்கட்டுன்னு ஒண்ணு இருக்கணும்ல?"

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் முழுக்கப் பத்தே முக்கால் ஆனால் என் கடைப் பெண்கள் பக்கத்துக் கடையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று இவரே ஒருநாள் கவலைப்பட்டார்.

இன்னொரு தடவை டை கட்டிய ஆள் ஒருவன் நேரிலேயே வந்தான். உங்கள் கிரெடிட் ஸ்கோர் பாதாளத்தில் கிடக்கிறது, மூவாயிரம் கொடுங்கள், ஆதார், பான் கார்டு நகல், கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் ஒன்று கொடுங்கள், ஒரே வாரத்தில் மேலே ஏற்றித் தருகிறேன் என்றான். இவர் மறுக்கவே இல்லை. ஜெராக்ஸ் கடை ரோட்டைத் தாண்டி இருக்கிறது, நாளைக்குப் போய் எடுத்து வைக்கிறேன் என்றார். செக் புத்தகம் பேங்கில் எழுதிக் கொடுத்து நாலு வருடம் ஆகிறது, நாளைக்குத்தான் போய் வாங்க வேண்டும் என்றார். அவன் மூன்று நாள் வந்தான். மூன்றாம் நாள் ஜெராக்ஸுக்குக் காசு நான் தருகிறேன் சார் என்று கெஞ்சினான். வெயில் தாழட்டும் தம்பி என்றார். தாழ்வதற்குள் அவன் போய்விட்டான்.

இதையெல்லாம் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். சோம்பேறித்தனத்துக்கு இந்த மனுஷன் ஒரு சங்கமே வைக்கலாம் என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் இளக்காரமாகவே நினைத்திருக்கிறேன் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருடம் தீபாவளிக்கு ஒரு ஜவுளிக் கடை இருபதாயிரம் பைக்கு ஆர்டர் சொன்னது. எனக்கு அது பெரிய இடம். மூன்று மெஷினை வைத்துக்கொண்டு அவ்வளவு பை தைக்க முடியாது, இன்னும் இரண்டு மெஷின் வேண்டும், துணி பேல் எடுக்க வேண்டும். நாலு லட்சம் கடன் கேட்டுப் பேங்குக்குப் போனேன். இரண்டு வருடக் கணக்கு, வாடகைப் பத்திரம், அது இது என்று வாங்கி வைத்துக்கொண்டு கடையை வந்து பார்த்துவிட்டு மூன்று வாரத்தில் சொல்கிறோம் என்றார்கள். மூன்று வாரம். பஸ் நிற்பதற்கே பொறுக்காத ஆளிடம் போய்ச் சொல்கிற பேச்சா அது?

நாலாம் நாளே போன் வந்தது. என் பலகையில் ஒரு முழ உயரத்துக்கு எழுதி வைத்திருந்தேனே, அந்த நம்பருக்குத்தான். செய்தி வாசிக்கிறவர் மாதிரி ஒரு குரல். வரிக்கு வரி சார் போட்டுப் பேசினான். என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் யாரும் என்னை அத்தனை சார் போட்டதில்லை. நாலு லட்சம் அப்ரூவ் ஆகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் கடிதம் அனுப்பினான். பெரிய பேங்க் ஒன்றின் பெயர் போட்டிருந்தது. முத்திரை இருந்தது, அதுவும் இரண்டு. ஒன்றென்றால்கூடச் சந்தேகப்பட்டிருப்பேன்.

நான் கேட்ட பேங்க் வேறு, வந்த கடிதம் வேறு. அதை ஏன் யோசிக்கவில்லை என்று இன்றுவரை என் வீட்டுக்காரி கேட்கிறாள். ஆசை வந்தால் எழுத்து தெரியாது என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிகிறது.

கடன் காப்பீட்டுக்கும் புரோசசிங்குக்கும் சேர்த்து இருபத்தெட்டாயிரம் முதலில் அனுப்ப வேண்டும். அன்று திங்கட்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்தால் மறுநாள் காலையில் நாலு லட்சம் கணக்கில் ஏறிவிடும், வராவிட்டால் கடன் ரத்து என்றான். என் கணக்கில் இருபதாயிரம் இருந்தது. மகளின் பள்ளிக்கூடத்துக்கு அந்த வாரம் கட்ட வேண்டிய பணம். மாதம் இரண்டாயிரம் மூவாயிரமாக என் வீட்டுக்காரி பிடித்துப் பிடித்துச் சேர்த்து என்னிடம் கொடுத்து வைத்திருந்தது. நாளைக்கு நாலு லட்சம் வந்ததும் எடுத்து வைத்துவிடலாம், அவளுக்குத் தெரியவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். எட்டாயிரம்தான் குறைந்தது. ரொக்கமாகக் கிடைத்தால் ரீசார்ஜ் கடையில் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நாலே காலுக்குப் பக்கத்துக் கடைக்கு ஓடினேன்.

அவர் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார். விஷயத்தைச் சொல்லிக் கடிதத்தைக் காட்டினேன். எம்புட்டு நீளமா இருக்கு, நாளைக்குப் படிக்கிறேன் என்றார். படிக்க வேண்டாம் அண்ணே, எட்டாயிரம் மட்டும் குடுங்கள், ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும் என்றேன். மறுப்பே சொல்லவில்லை. இடுப்பில் இருந்து சாவியை எடுத்து, பெட்டியைத் திறந்து, எச்சில் தொட்டு எட்டாயிரத்தையும் எண்ணினார். இதற்கே கால் மணி நேரம் ஆகிவிட்டது. நீட்டப் போனவர் சட்டென்று நிறுத்திவிட்டு எழுந்து போனார். காலண்டர் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நாலரை டூ ஆறு ராகு காலம் மாப்ள. இப்பத்தான் தொடங்குது."

அண்ணே, விளையாடாதீங்க என்றேன்.

"காசு உனக்குத்தான். இந்தா, எண்ணி மேசையில வச்சுட்டேன். ஆறு மணிக்கு எடுத்துக்க. ராகு காலத்துல கை மாறுற காசு திரும்பி வராது. எனக்கும் வராது, உனக்கும் வராது."

எட்டாயிரமும் மேசை மேல் இருக்கிறது. அதன் மேல் ஒரு ஸ்பேனரை வேறு வைத்துவிட்டார். எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். வேறு யாரிடம் போய்க் கேட்பது? சந்தில் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் சீட்டுப் பணம் கட்டிய நாள். அவர் எதிரிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்குப் போன் வந்தது. பதற்றத்தில் என் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. சார், என்ன சார் ஆச்சு என்றான். எட்டாயிரம் குறையுது சார், ஆறு மணி ஆகும் என்றேன். முடியாது சார், ஐந்தோடு ரத்து என்று வைத்துவிட்டான். என் கடன், இரண்டு மெஷின், தீபாவளி ஆர்டர் எல்லாம் கண் முன்னால் போவது மாதிரி இருந்தது. அவரைப் பார்த்தேன். டீ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்தே காலுக்கு மறுபடியும் போன். மேலிடத்தில் பேசிவிட்டேன் சார், உங்களுக்காக மட்டும் நேரம் கொடுத்திருக்கிறார்கள், இருக்கிற இருபதாயிரத்தை இப்போதே அனுப்புங்கள், மீதியை நாளைக்குக் கட்டலாம் என்றான்.

இருபதாயிரம் என் கையில் இருக்கிறது. நம்பரைப் போட்டு, தொகையைப் போட்டுவிட்டேன். ரகசிய எண்ணை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது மனதில் ஒரு நெருடல். நான் ராகு காலம் எல்லாம் பார்க்கிறவன் இல்லை. கல்யாணத்துக்குக்கூட மண்டபம் கிடைத்த நேரத்தில்தான் தாலி கட்டினேன். ஆனால் எட்டாயிரம் கை மாறினாலே திரும்பாது என்றால் இருபதாயிரம் மட்டும் திரும்புமா? அதுவும் பிள்ளையின் பள்ளிக்கூடப் பணம். இன்னும் முக்கால் மணி நேரம்தானே என்று விரலை எடுத்துவிட்டேன். ஆறு மணிக்கு அனுப்புகிறேன் சார், ராகு காலம் முடியட்டும் என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

அவன் விடவில்லை. ஐந்தரைக்கு, பன்னிரண்டாயிரம் போட்டால் போதும் சார் என்றான். ஐந்து நாற்பதுக்கு, எட்டாயிரம். ஐந்து நாற்பத்தைந்துக்கு, சார், ஒரு ஐயாயிரம் போடுங்கள், மற்றதை நான் என் கையில் இருந்து போட்டுக்கொள்கிறேன் என்றான். ஐந்து ஐம்பதுக்கு இரண்டாயிரத்துக்கு வந்து நின்றான். கடை எடுத்து வைக்கிற நேரத்தில் வாடிய கீரையைத் தள்ளிவிடுகிறவர் பேச்சு மாதிரி இருந்தது.

அண்ணன் டீயை உறிஞ்சிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"மாப்ள, இன்னும் ஒரு அரை மணி நேரம் உக்காருவோம். அவனே நமக்குக் காசு குடுப்பான் போலிருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு லட்சம் கொடுக்கிற பேங்க் இரண்டாயிரத்துக்குக் கெஞ்சுமா? போனை எடுத்து, உங்கள் ஆபீஸ் எங்கே சார் இருக்கிறது, நேரிலேயே வந்து கட்டிவிடுகிறேன் என்றேன். அதெல்லாம் ஆன்லைன் என்று ஆரம்பித்தான். ஏறி வர ஒரு படிக்கட்டாவது இருக்கும்ல என்றேன். அன்றைக்கு முழுக்க அவன் போட்ட சார் எல்லாம் அத்தோடு போய்விட்டது. அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தப் பணம் போயிருந்தால் வீட்டுக்காரி முகத்தில் எப்படி விழித்திருப்பேன், பிள்ளையிடம் என்ன சொல்லியிருப்பேன்? அண்ணன் இன்னொரு டீயை என் பக்கம் தள்ளினார். ஆறு அடித்ததும் ஸ்பேனரைத் தூக்கிவிட்டு எட்டாயிரத்தையும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா மாப்ள. ராகு காலம் முடிஞ்சிருச்சு."

என்ன நடந்தது என்று இவருக்குப் புரிந்ததா, புரியவே இல்லையா என்று அந்த முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வேண்டாம் அண்ணே என்று மடக்கி அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். என் வீட்டுக்காரி முதலில் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு நன்றாகப் பேசினாள். பேசி ஓய்ந்து, சாதத்தைப் போட்டுவிட்டு, கடைசியாக ஒன்று கேட்டாள்.

"ஏங்க, திங்கக்கெழம சாயங்காலம் ஏது ராகு காலம்? திங்கக்கெழம காலையில ஏழரை டூ ஒம்பதுல்ல. நாலரை டூ ஆறு ஞாயித்துக்கெழமைக்குங்க."

மறுநாள் காலையில் கடையைக்கூடத் திறக்காமல் நேரே அவர் கடைக்குப் போய்க் காலண்டரைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கும் அந்தச் சுவரில் ஞாயிற்றுக்கிழமைதான் தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு எழுத்து, இராகு காலம் நாலரை முதல் ஆறு. மனுஷன் இரண்டு நாளாகத் தாளைக் கிழிக்கவில்லை.

அண்ணே, இது ஞாயித்துக்கிழமைத் தாள் என்றேன். கிட்டே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நேத்தே கிழிக்கணும்னு நெனச்சேன் மாப்ள என்றார். நான் கிழிக்கப் போனேன், இருக்கட்டும், நாளைக்குக் கிழிச்சுக்குவோம் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் உண்மையில் கடன் கேட்டிருந்த பேங்குக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரியம்மா பார்த்த உடனேயே முகத்தைச் சுளித்தார். எந்தக் கட்டணமாக இருந்தாலும் அது தனி ஆளின் போன் நம்பருக்குப் போகாது, கடிதத்தில் பேர் போட்டிருக்கிற பேங்க் கிளைக்கு நேரில் போய் இது உங்களுடையதுதானா என்று கேட்டிருக்க வேண்டியதுதானே என்றார். பத்து நிமிட நடைதான். எனக்குத்தான் அதற்கு நேரம் இல்லாமல் போயிருந்தது. அவர்கள் சொன்ன மூன்று வாரம் நாலு வாரமாகி என் கடன் வந்தது. கட்டணத்தை அதிலேயே கழித்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு முந்தின நாள்வரை தைத்து ஆர்டரை முடித்தோம்.

சந்து முனையில் செருப்புக் கடை வைத்திருக்கிறவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதே வாரத்தில், அதே குரல், அதே சார், அதே இரண்டு முத்திரை. முப்பத்தைந்தாயிரம் அனுப்பிவிட்டு, வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் ஒரு மாதம் உள்ளேயே வெந்துகொண்டிருந்திருக்கிறார். என் கதையைக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். இருவருமாகப் போய்ப் போலீசில் எழுதிக் கொடுத்தோம். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் பணத்தை நிறுத்தி வைக்கவாவது பார்த்திருக்கலாம் என்றார்கள். பணம் வரவில்லை. அவசரப்படக் கூடாத இடத்தில் அவசரப்பட்டு, அவசரமாக ஓட வேண்டிய இடத்தில் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டேனே என்று திரும்பி வரும்போது அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அண்ணனுக்கு எல்லாம் தெரிந்தேதான் சொன்னார் என்பது என் வீட்டுக்காரியின் கட்சி. வருடக்கணக்காக ராகு காலத்தைச் சொல்லியே வேலைக்கு மட்டம் போடுகிற ஆளுக்குத் திங்கட்கிழமைக்கு எப்போது என்று மனப்பாடமாகத் தெரியாதா என்பாள். அந்த மனுஷனுக்கு அவ்வளவு சுறுசுறுப்பான மூளை கிடையாது, தாளைக் கிழிக்காத சோம்பேறித்தனம்தான் என் பிள்ளையின் பணத்தைக் காப்பாற்றியது என்பது என் கட்சி. ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டேன். அண்ணே, உண்மையைச் சொல்லுங்க, அன்னைக்குத் திங்கக்கிழமைன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் சிரித்த மாதிரியும் இருந்தது, கொட்டாவி விட்ட மாதிரியும் இருந்தது.

"நாளைக்குச் சொல்றேன் மாப்ள."

பிறகு கட்டடத்துச் சொந்தக்காரர் அண்ணனை இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஒரு மாதம் கெடு. அண்ணன் காலி செய்ய ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆனது. இப்போது சமயநல்லூரில் மகன் வீட்டு முன்னாலேயே கடை போட்டிருக்கிறார், வேலைக்குக் கிளம்பிப் போகிற வேலையும் மிச்சம். சாமான்களை வண்டியில் ஏற்றிய அன்று, இன்னும் அதே ஞாயிற்றுக்கிழமைத் தாளோடு தொங்கிய காலண்டரை மட்டும் ஆணியிலேயே விட்டுவிட்டார். அதை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். கழற்றி என் கடையில் மாட்டிக்கொண்டேன். கிழிக்கவில்லை.

போன வாரம்கூட ஒரு போன் வந்தது. சார், உங்களுக்கு ஆறு லட்சம் அப்ரூவ் ஆகியிருக்கிறது, இன்றைக்கு ஒருநாள்தான் என்றது ஒரு குரல். நான் எழுந்துபோய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காலண்டர் முன்னால் நின்றேன். வெளியே வெள்ளிக்கிழமை, சந்தில் நல்ல கூட்டம்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை சார், லீவு, நாளைக்குக் கூப்பிடுங்கள் என்றேன்.